மெனுவின் நான்காவது வரி

அன்று மாலை ஏழு மணிக்குத் தரணி மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

திரையில் அவன் முகம் வந்ததும் வழக்கம்போலச் சிரிக்கத் தொடங்கிய மிருதுளா பாதியில் நின்றாள். அவன் கையில் தட்டு இருந்தது. உடம்பில் ஆரஞ்சு நிற வேலை உடுப்பு. முதுகுக்குப் பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம், யாரோ இன்னும் கொஞ்சம் ரசம் கேட்கும் குரல்.

“என்ன புள்ள, இந்நேரத்துல கூப்பிட்டிருக்க?” என்றான் தரணி. “வெரசா சொல்லு. ரெண்டு மணிக்கு மறுபடி வேலைக்கு இறங்கணும்.”

“எந்நேரத்துல? மாமா, மணி ஏழுங்க.”

“ஏழா? மத்தியானத் தூக்கம் போட்டு எந்திரிச்சு வந்தயா?” அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் நாள் முழுக்கக் காத்திருப்பாள். “ஒண்ணரைதான் ஆகுது. பாரு, பாதிச் சோறுகூட உள்ள போகல.”

மிருதுளா ஜன்னலைப் பார்த்தாள். சரவணம்பட்டியில் மார்கழி இருட்டு எப்போதோ இறங்கியிருந்தது. தெருவிளக்கு எரிந்தது. கூடத்தில் மாமியார் பார்க்கும் ஏழு மணித் தொடரின் பாட்டு முடிந்து வசனம் தொடங்கியிருந்தது. பிறகு திரையின் மூலையைப் பார்த்தாள். அங்கிருந்த சின்னக் கடிகாரம் ஒன்று முப்பத்திரண்டு என்று காட்டியது.

கடிகாரம் ஏன் தப்பாக ஓடுகிறது என்பது அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அவள் வேலையே அதுதான். புரியாதது ஒன்றே ஒன்று. கடிகாரம் இவள் மேசைமேல் இருக்கிறது. தரணி இந்தியப் பெருங்கடலுக்கு அடியில், ஒரு கனிமச் சுரங்கத் தளத்தில் இருக்கிறான். இங்கே ஒரு கம்ப்யூட்டரின் கடிகாரம் பின்னால் போனால், அங்கே அவன் எதற்காக மறுபடியும் மதியச் சாப்பாடு சாப்பிட வேண்டும்?

“வயிறு ஒரு மாதிரி இருக்குங்க மாமா. அப்பறம் பேசறேன்” என்று சொல்லிவிட்டு அணைத்தாள்.

‘கொன்றை’ என்பது பள்ளிக்கூடங்களுக்கும் ஊராட்சி அலுவலகங்களுக்கும் போகிற ஒரு தமிழ் லினக்ஸ். மிருதுளா அதன் நிறுவல் சோதனையாளர். ஏற்கெனவே வேறு சிஸ்டம் இருக்கிற கம்ப்யூட்டரில் கொன்றையை ஏற்றினால், பழையது கெடாமல் இருக்கிறதா, புதியது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதனால் அவளுடைய கம்ப்யூட்டர் ஒரே வீட்டில் நான்கு குடித்தனம் மாதிரி. பொத்தானை அழுத்தியதும் ஒரு மெனு வரும். முதல் வரியில் பழைய அலுவலக சிஸ்டம். இரண்டாவதில் கொன்றை எட்டு. மூன்றாவதில் அவள் தினமும் அழித்து அழித்து ஏற்றுகிற சோதனைப் பதிப்பு, கொன்றை ஒன்பது. நான்காவது வரி தரணியுடையது.

பத்து மாதங்களுக்கு முன், அவன் கிளம்புவதற்கு முந்தின வாரம், நிறுவனத்து ஆள் வந்து அந்த நான்காவதைப் போட்டுக் கொடுத்தார். மாடியில் ஓர் ஆன்டெனா, மேசைமேல் பச்சை விளக்கு மினுக்கும் ஒரு பெட்டி. “கடலுக்கு அடியிலிருந்து வர்ற லைனுங்க. எங்க சிஸ்டத்துல மட்டுந்தான் எடுக்கும். இந்தப் பகுதியை மட்டும் தொட்டுராதீங்க” என்றார். அவள் தொட்டதில்லை. தினமும் ஏழு மணிக்கு நான்காவது வரியைத் தேர்ந்தெடுப்பாள், தரணி வருவான், அரை மணி நேரம் பேசுவார்கள். அவ்வளவுதான்.

இன்றைக்குச் செய்தது ‘புதுப் பயனர் சோதனை’. அதற்கு ஒரு விதி உண்டு. ஒன்றும் தெரியாத ஆள்போல உட்கார வேண்டும். எதையும் மாற்றக்கூடாது. ‘அடுத்து, அடுத்து’ என்று மட்டும் அழுத்திக்கொண்டே போக வேண்டும். மற்ற நாளாக இருந்தால் கடிகார அமைப்பை முதல் வேலையாகச் சரிசெய்திருப்பாள். இன்று விதிப்படி விட்டுவிட்டாள்.

அவள் பெனாசிரைக் கூப்பிட்டாள். பெனாசிர் காயல்பட்டினத்துக்காரி, சோதனைக் குழுவின் தலைவி. வேலையில் கண்டிப்பு, வாயில் நக்கல்.

“அஞ்சரை மணி நேரம் பின்னால போயிட்டா? அது நம்ம நாட்டு வியாதில்லா” என்றாள் பெனாசிர். “உன் கொன்றை ஒம்போது, மெஷினுக்குள்ள இருக்கற கடிகாரத்துல உலகப் பொது நேரத்தை எழுதி வச்சிருக்கும். அடுத்த சிஸ்டம் அதை இந்திய நேரம்னு நெனச்சுப் படிச்சிருக்கும். யார் மேலயும் குத்தம் இல்ல, ரெண்டு பேருக்கும் வேற வேற பழக்கம். இதுக்காடி ஏழு மணிக்கு மாப்பிள்ளைகிட்ட பேசறத விட்டுட்டு என்னைக் கூப்பிட்ட?”

“கடிகாரம் மட்டும் இல்லக்கா. அவரும் பின்னால போயிட்டாரு.”

“யாரு?”

“அவருக்கும் ஒண்ணரை மணி. சோறு தின்னுட்டு இருந்தாரு. பின்னால கேன்டீன் சத்தம்.”

பெனாசிரின் குரலிலிருந்து நக்கல் போய்விட்டது.

“மிருது” என்றாள். “அந்த ஆன்டெனா வயரைப் பிடுங்கிட்டு ஒரு தடவை கூப்பிட்டுப் பாரு.”

“பிடுங்கினா அவரு எப்படிக்கா…”

“அதான் சொல்லுதேன். பிடுங்கிட்டுப் பாரு.”

அவள் வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. கடிகாரத்தைக் காலை ஆறு மணிக்கு வைத்தாள். நான்காவது வரி.

தரணி வாயில் பிரஷ்ஷோடு வந்தான். தோளில் துண்டு. “என்ன புள்ள, கோழி கூவறதுக்கு முன்னாலயே?” என்று நுரையோடு சிரித்தான்.

அவள் அணைத்தாள். தேதியை அடுத்த வருடம் ஆடி மாதத்துக்குத் தள்ளினாள். அவன் ஒப்பந்தம் தை மாதத்தோடு முடிகிறது. ஆடியில் அவன் இந்த வீட்டில், இந்த அறையில் இருக்க வேண்டும்.

தரணி அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். “இன்னும் கொஞ்ச நாளைக்கு நீட்டிச்சிருக்காங்க புள்ள. கோவிச்சுக்காத. ஆடித் தள்ளுபடியில ஒரு நல்ல சேலை எடுத்துக்க.”

ஐந்து வருடம் தள்ளினாள். அவன் காதோரத்தில் நரை தெரிந்தது. “கோவிச்சுக்காத” என்றான்.

அவள் கை பழக்கத்தில் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தது. ‘தேதி மாற்றினேன். நடந்தது: நரை.’

மே மாதம் நினைவுக்கு வந்தது. அவன் கிளம்பும்போது அவளுக்கு இரண்டு மாதம். ஐந்தாவது மாதத்தில் குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம் யாரிடமும் பேசப் பிடிக்காமல், ஏழு மணிக்கு இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து அவனிடம் சொன்னாள். அவன் அழுதான். பிறகு சொன்னான்: “நீ இருக்கற வரைக்கும் எனக்கு எதுவும் போகல புள்ள.”

நான்கு வருட வாழ்க்கையில் தரணி அவளிடம் பேசியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினால் பாதி நோட்டு மிச்சமிருக்கும். எதற்கும் ‘ம்’தான். சண்டைக்கும் ‘ம்’, சமாதானத்துக்கும் ‘ம்’. அப்படிப்பட்டவன் அன்று அந்த வார்த்தையைச் சொன்னான். அதன்பின் ஒவ்வொரு நாளும் பேசினான், கிண்டல் செய்தான், அவள் கட்டியிருக்கும் சேலையின் நிறத்தைச் சொன்னான். தூரம்தான் அவன் நாக்கைத் திறந்துவிட்டது என்று நினைத்தாள். கல்யாணமாகி நான்கு வருடம் கழித்துத் தன் புருஷன்மேல் புதிதாக ஆசை வந்ததை வெளியில் சொல்ல வெட்கப்பட்டாள்.

அந்த வார்த்தையைச் சொன்னது யார்?

“ஏம்மிணி, இன்னிக்கு எனக்குக் குடுக்காமலே வெச்சுட்டயா?” மாமியார் கலாமணி அத்தை முட்டியைப் பிடித்தபடி வாசலில் நின்றார். தினமும் கடைசி இரண்டு நிமிடம் அவருக்கு.

மிருதுளா சொன்னாள். மறைக்கும் அளவுக்கு அவளிடம் தெம்பு இல்லை. வயரைக் காட்டினாள். அணைந்த விளக்கைக் காட்டினாள்.

அத்தை திரையையே பார்த்தார். “அப்ப, என்ற மகன் எங்க?” என்றார்.

“தெரியலைங்கத்தை.”

“உசுரோட இருக்கானா?”

அத்தை மெல்ல வந்து அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அடுத்து அவர் கேட்டதுதான் அன்றைக்கு அவளை எல்லாவற்றையும்விட அதிகமாக உலுக்கியது.

“மணிய சரியா ஏழரைக்கு வெச்சு ஒருக்கா போட்டு வுடு கண்ணு. ரெண்டு நிமிசம் பேசிக்கறேன்.”

சோதனையாளர் ஒரு பிழையைக் கண்டால் அறிக்கை எழுத வேண்டும். யாருடைய பிழை என்று தெரியாவிட்டாலும் எழுத வேண்டும். மிருதுளா அன்றே எழுதினாள். அறிக்கை எண் 4117. தலைப்பு என்று கேட்ட இடத்தில் வேறெதுவும் தோன்றாமல், ‘கொன்றை 9 நிறுவியபின் நான்காவது சிஸ்டத்தில் உள்ள என் கணவர் ஐந்தரை மணி நேரம் பின்தங்குகிறார்’ என்று எழுதினாள். செய்தவை, எதிர்பார்த்தது, நடந்தது. எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள்.

கொன்றைக் குழுவில் இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் சொன்னால் பிழை ஆகாது. வேறொருவர், வேறொரு கம்ப்யூட்டரில், அதே படிகளைச் செய்து பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதுவரை அறிக்கையின்மேல் ‘சந்தேகம்’ என்று மஞ்சள் பட்டை இருக்கும். இரண்டாவது கை என்று அதைச் சொல்வார்கள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் மிருதுளாவுக்கு இரண்டாவது கை தரணிதான். அவன் தொழில் வெல்டிங். ஆனாலும் தன் பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவள் எழுதிய படிகளை ஒவ்வொன்றாகச் செய்வான். பிழை தெரிந்தால் “வருது” என்பான். தெரியாவிட்டால் “வரல” என்பான். மதியம்வரை அந்த இரண்டு வார்த்தைகள்தான் வீட்டில் கேட்கும். அவளுக்கு அப்போது அது சலிப்பாக இருந்தது.

4117-க்கு இரண்டாவது கை யாரும் இல்லை. நான்காவது வரி குழுவில் வேறு யாருடைய மெனுவிலும் இல்லை.

ஆனால் பெனாசிர் சும்மா இருக்கவில்லை. அறிக்கையைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். மறுநாள் விடிந்தபோது, அதே தளத்தில் வேலை செய்யும் மூன்று பேரின் வீட்டிலிருந்து அதற்குக் கீழே கேள்விகள் வந்திருந்தன. பத்து மணிக்கு நிறுவனத்தின் குடும்ப நல அதிகாரி வாசலில் நின்றார். நிரஞ்சன் என்று பெயர் சொன்னார். நோயாளியைப் பார்க்க வருகிறவர்போலக் கையில் ஆப்பிளும் ஆரஞ்சும் போட்ட பை.

“உயிரோட இருக்காரா?” என்றாள் மிருதுளா. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

“இருக்காருங்க மேடம். நல்லா இருக்காரு.”

உள்ளே அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காரும் சத்தம் கேட்டது.

நிரஞ்சன் சுற்றி வளைக்கவில்லை. அவ்வளவு ஆழத்திலிருந்து நாற்பது பேர் தினமும் படத்தோடு பேசுகிற அளவுக்கு லைன் கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை சப்ளைக் கப்பல் வந்து கேபிள் இறக்கும்போதுதான் கொஞ்ச நேரம் கிடைக்கும். வாரம் ஒருமுறை எழுத்தில் வேலை அறிக்கை மேலே வரும். அவ்வளவுதான். அதனால் கிளம்புவதற்கு முன் ஆறு வாரம் வீட்டில் மைக்கும் காமிராவும் வைத்து எடுத்ததை வைத்து, அவரைப்போலவே பேசுகிற ஒரு துணைப் பதிவு செய்தார்கள். ஒப்பந்தத்தின் முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

“படம் தெளிவா வர்றதுக்குன்னு சொல்லித்தானுங்க அந்த காமிராவை வெச்சீங்க.”

“அப்படிச் சொன்னா ஒத்துக்கறாங்க” என்றார் அவர். வெட்கப்பட்டதாகத்தான் தெரிந்தது.

“அவரு இவ்வளவு பேசவே மாட்டாரு. இது பேசுதே. அதெப்படி?”

“நீங்க எதுக்குச் சிரிக்கறீங்க, எதுக்கு முகம் மலருதுன்னு பாக்கும். அதை அடுத்த நாள் கொஞ்சம் கூட்டிப் பேசும். கொஞ்சம் கொஞ்சமா உங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஆயிடும்.”

மிருதுளாவின் முகம் எரிந்தது. தன் அலமாரியை யாரோ அந்நியர் திறந்து பார்த்துவிட்டதுபோல் இருந்தது. “மே மாசம் நான் அவருகிட்ட ஒண்ணு சொன்னேன்” என்றாள்.

“தெரியுங்க மேடம்.”

“அது அவருக்குப் போச்சா?”

அவர் ஆரஞ்சுப் பையைப் பார்த்தார். “இங்க பேசறது அங்க போகாதுங்க. அங்க பேசறது இங்க வராது. ரெண்டும் தனித்தனியா ஓடும்.”

“அப்ப அங்க அவருகிட்ட யாரு பேசறாங்க?”

“நீங்கதான். உங்க பதிவு.”

இந்த வீட்டில் அவனில்லாத ஒருவனோடு அவள் பத்து மாதம் குடும்பம் நடத்தியிருக்கிறாள். அங்கே அவளில்லாத ஒருத்தியோடு அவனும்.

“முதல் குழு போனப்ப இந்த ஏற்பாடு கிடையாதுங்க” என்றார் நிரஞ்சன். “ஒருத்தருக்கு அவங்கப்பா தவறிட்ட சேதி அனுப்பினோம். அன்னிக்கு அவரு ஒரு வால்வை மூட மறந்துட்டாரு. மூணு பேருங்க. அந்த மூணு வீட்டுக்கும் நாந்தான் போய்ச் சொன்னேன். அதுக்கப்பறம் கெட்ட சேதி எதுவும் கீழ போகக்கூடாதுன்னு முடிவாச்சு. உங்க சேதி வந்தப்பவும் நாலு பேர் உக்காந்து பேசினோம். அவரு திரும்பி வந்ததும் நாங்களே பக்குவமா சொல்லிக்கலாம்னு நெனச்சோம்.”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“நான் அவரைப் பாக்கணும்” என்றாள். “நெஜமான அவரை.”

“வியாழக்கிழமை கேபிள் இறங்குது. பத்து நிமிஷம் வாங்கித் தர்றேன். ஒரே ஒரு வேண்டுகோள். அந்த விஷயத்தைச் சொல்லிடாதீங்க. அங்க வேலை நெருப்போட. கை ஒரு தடவை நடுங்கினாப் போதும்.”

அவள் ஒத்துக்கொண்டாள். மனதார ஒத்துக்கொண்டாள். உயிரோடு இருக்கிறான் என்று கண்ணால் பார்த்தால் போதும் என்றுதான் அப்போது நினைத்தாள்.

வியாழக்கிழமை நிரஞ்சன் தன் லேப்டாப்போடு வந்தார். மேசைமேல் அதை வைத்து, வலது கையை விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். சொல்லக்கூடாததைச் சொன்னால் துண்டித்துவிடத்தான் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அத்தை ஸ்டூலை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

படம் சில்லுச் சில்லாக வந்து சேர்ந்தது. ஒரு தாடிக்காரன். கன்னம் ஒட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. நான்காவது வரியில் வருகிறவனே இவனைவிட அதிகம் தரணியைப்போல் இருந்தான்.

“மாமா” என்றாள்.

இரண்டு நொடி ஒன்றுமே நடக்கவில்லை. சொல் கடலுக்குள் இறங்கி, பதில் ஏறி வர வேண்டும்.

“ம்” என்றது குரல். தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல.

பத்து மாதமாகக் கேட்காத எழுத்து.

“இன்னிக்கு என்ன படம் இப்படி மங்கலா வருது? சத்தமும் நின்னு நின்னு வருது” என்றான் தரணி. “சரி அது கெடக்குது. சென்னியப்பன் தூங்கிட்டானா?”

மிருதுளா விழித்தாள். “எங்கப்பாவா? மாமா, எங்கப்பா போய் ஏழு வருசமாச்சுங்களே.”

இரண்டு நொடி. தரணி சிரித்தான். “உங்கப்பன் இல்ல புள்ள. நம்ம சென்னியப்பன். நேத்துத்தான குப்புற விழுந்தான்னு காமிச்ச.”

மிருதுளா நிரஞ்சனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்திலும் ரத்தமே இல்லை. அங்கே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று அவரும் எட்டிப் பார்த்ததில்லை. அவள் பதிவுக்குப் பிரசவத் தேதி தெரியும். மே மாதம் தெரியாது. புரட்டாசி வந்தது. தேதி கடந்தது. அது ஒரு குழந்தையைப் பெற்றுவிட்டது.

“பேரு…” என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. “அந்தப் பேரை யாருங்க வெச்சது?”

“நல்லாருக்கு. நீ என்னென்னமோ வாயில நுழையாத பேரா சொன்ன. நாந்தான் உங்கப்பா பேருதான்னு ஒரே பிடியா நின்னேன். மறந்துட்டயா?” பிறகு, பேசியது அதிகமாகிவிட்டது என்று தோன்றியதோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டான்.

மகன் பிறந்தால் அப்பா பேர் வைக்க வேண்டும் என்ற ஆசையை மிருதுளா யாரிடமும் சொன்னதில்லை. பழைய பேர், சிரிப்பார்கள் என்று மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள். மைக்கில் பதிவாகாத ஆசை. இந்த ‘ம்’ மனிதன் அதை எப்போது கண்டுபிடித்தான்?

தரணி குனிந்து எதையோ எடுத்து காமிராவுக்கு முன் பிடித்தான். துருப்பிடிக்காத கம்பித் துண்டுகளை வளைத்துப் பற்றவைத்த ஒரு கிலுகிலுப்பை. ஓரமெல்லாம் குழந்தைக்குக் கீறாதபடி வழவழப்பாகத் தேய்த்திருந்தான். ஆட்டினான். இரண்டு நொடி கழித்து இங்கே சத்தம் கேட்டது.

“தெனமும் வேலை முடிஞ்சு அரை மணி நேரம் தேய்க்கறேன்” என்றான். “இன்னும் நாப்பத்தஞ்சு நாள். வந்து அவன் கையிலயே குடுத்துக்கறேன்.”

இன்னும் நாற்பத்தைந்து நாள் தேய்ப்பான். ஒவ்வொரு நாளும் அந்தக் குழந்தை கொஞ்சம் வளரும்.

“மாமா” என்றாள் மிருதுளா. “உங்க சுவத்துக் கடிகாரத்துல மணி என்ன?”

“பதினொண்ணு பத்து. ஏன்?”

“இங்கயும் பதினொண்ணு பத்துதானுங்க. இப்ப நான் சொல்றத நிதானமா கேளுங்க. கையில இருக்கறத கீழ வெச்சுட்டுக் கேளுங்க. குழந்தை இல்லைங்க மாமா. மே மாசமே தங்கல. நீங்க தெனமும் பேசறது எங்கிட்ட இல்ல.”

நிரஞ்சனின் விரல் நகர்ந்தது. அதைவிட வேகமாக அத்தையின் கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

“கைய எடுங்க சாமி” என்றார் அத்தை. “அவன் என்ற வகுத்துல பொறந்தவன். அவனுக்குத் தாங்கத் தெரியும்.”

இரண்டு நொடி. மூன்று. பத்து. படம் உறைந்துவிட்டதோ என்று மிருதுளா பயந்தாள். உறையவில்லை. அவன் கண் இமைத்தது.

“நீங்க யாருங்க பேசறது?” என்றான் தரணி.

அந்த ‘நீங்க’ அவள் நெஞ்சில் இடித்தது. ஆனால் அவன் கேட்டது நியாயம். மங்கலாக, விட்டு விட்டு, கெட்ட செய்தியோடு வந்திருக்கிறவள் இவள். தெளிவாக, சிரித்துக்கொண்டு, குழந்தையோடு வருகிறவள் இன்னொருத்தி. எவள் மனைவி என்று கேட்டால் யாராக இருந்தாலும் அவளைத்தான் கைகாட்டுவார்கள்.

நான்தான் உங்கள் மனைவி என்று அழுது சொல்லலாம். அதை அந்தப் பதிவும் சொல்லும், இவளைவிட நன்றாகச் சொல்லும். மிருதுளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நோட்டை எடுத்தாள்.

“அறிக்கை எண் நாலாயிரத்து நூத்திப் பதினேழு” என்றாள். “ரெண்டாவது கை இல்லாம நிக்குது. நீங்க பாக்கணும். படி ஒண்ணு: உங்க கம்ப்யூட்டர் கடிகாரத்தை அஞ்சரை மணி நேரம் பின்னால வைங்க. படி ரெண்டு: என்னைக் கூப்பிடுங்க. படி மூணு: லைன் வயரைப் பிடுங்கிட்டுக் கூப்பிடுங்க. படி நாலு: தேதியை முன்னால தள்ளிட்டுக் கூப்பிடுங்க. நடந்ததை வார அறிக்கையோட சேத்து மேல அனுப்புங்க. இவங்க அதைத் தடுத்தா கப்பல்காரங்க கையில எழுதிக் குடுங்க.”

அவன் வலது கை மேசைமேல் ஒரு பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் போனது.

அந்த வாரம் மிருதுளா தூங்கவில்லை. கண்ணை மூடினால் ஒரு வால்வு தெரிந்தது. ஃபோன் அடித்தால் அத்தையும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எடுக்காமல் நிற்பார்கள். ஏழு மணிக்கு அத்தை கம்ப்யூட்டர் அறைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். நான்காவது வரி மெனுவில் அப்படியே இருந்தது. அவள் அதை அழிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை.

எட்டாம் நாள் முற்பகல், நிரஞ்சனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘கீழிருந்து வந்தது. நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. அறிக்கையின் கீழ் நானே பதிந்துவிட்டேன்’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

மிருதுளா 4117-ஐத் திறந்தாள்.

‘இரண்டாவது சோதனை: தரணிதரன்.

கடிகாரத்தை ஐந்தரை மணி நேரம் பின்னால் வைத்தேன். அவள் காலைக் காபி கலந்துகொண்டிருந்தாள்.

லைன் வயரைப் பிடுங்கினேன். பேசினாள்.

தேதியை ஒரு வருடம் தள்ளி வைத்தேன். சென்னியப்பன் நடந்தான்.

இரண்டு வருடம் வைத்தேன். அப்பா என்றான்.

அதற்கு மேல் வைக்கவில்லை.

வருது.’

அவள் அந்தக் கடைசி வார்த்தையை விரலால் தொட்டாள். பிறகு விதிப்படி, அறிக்கையின் மேலிருந்த மஞ்சள் பட்டையை எடுத்துவிட்டு ‘உறுதி’ என்று மாற்றினாள்.

“என்னம்மிணி, அவனா?” என்று கூடத்திலிருந்து அத்தை கேட்டார்.

“அவரேதானுங்கத்தை” என்றாள் மிருதுளா.